பூக்குழியில் இறங்கிய டைட்டேனியம்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், அம்மன் படத்தைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். காரணம், இதில் தப்புச் செய்தவன் நான்.

பதுளையில் தன் பிள்ளைகளைவிடத் தன் காலுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றி அதிகம் பெருமை பேசியவர் ஒருவர்தான். வெல்டிங் பட்டறைக்காரர். மடுல்சீமை வளைவில் லொறி புரண்டு கால் முறிந்தபோது, ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் டைட்டேனியக் கம்பி வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு டைட்டேனியம் அண்ணன்.

மழையில் நனைந்தால், “அண்ணே, கம்பி துருப்பிடிச்சிரும்” என்று கடைவீதியே கேலி செய்யும். “போங்கடா, இது காத்துப் பட்டதுமே மேல மெல்லிசா ஒரு தோல் போத்திக்கும். துரு கிட்ட வராது” என்பார். பாரமாக இருக்குமே என்றால், “இரும்புல பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்” என்று காலை ஆட்டிக் காட்டுவார்.

டாக்டர் சொன்னது அத்தனையும் மனப்பாடம். சொல்லாததையும் தானே சேர்த்துக்கொள்வார். “உலகத்துலயே கெட்டி இதுதான். எந்த அரமும் கீறாது” என்று, ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிவந்த ஒரு டைட்டேனிய ஸ்க்ரூ ஆணியைப் பத்துப் பேர் முன்னால் அராவினார். முதல் இழுப்பிலேயே கீறல் விழுந்தது. இரண்டு நாள் பட்டறை பூட்டிக் கிடந்தது.

வம்பு திருவிழாவில் வந்தது. கால் முறிந்து கிடந்தபோது, எழுந்து நின்றால் தீ மிதிப்பதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தார். எங்கள் கோயிலில் காப்புக் கட்டியவர் உடம்பில் இரும்பு கூடாது. சாவிக்கொத்து வரை கழற்ற வேண்டும். அதைக் கவனிப்பது என் பொறுப்பு.

“அண்ணே, நீங்க எறங்க முடியாது. இரும்பக் கழட்டிட்டு வாங்க.”

“என்ன தம்பி, காலையா கழட்டச் சொல்ற? இது இரும்பு இல்ல!”

ஹாட்வெயார் கடையிலிருந்து காந்தம் வாங்கிவந்து அந்த ஆணியில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. நான் விடவில்லை.

“நெருப்புல உருகிட்டா?”

“இரும்பு உருகுற சூட்டுலகூட இது உருகாதுப்பா. அதுக்கு முன்னாடி நான் உருகிருவேன்!”

கூட்டம் சிரித்தது. அவர் குரல் மட்டும் இறங்கிவிட்டது. “நேந்துட்டேன் தம்பி. நடக்காம ஆத்தா மொகத்த நான் எப்படிப் பாக்குறது?”

பக்கத்தில் நின்ற பூசாரி அவர் நெற்றியில் விபூதி பூசி, “அவ காப்பாத்துன காலுதானே? வரட்டும்” என்றார்.

மற்றவர்கள் பூக்குழியை ஓடிக் கடந்தார்கள். அவரால் ஓட முடியாது. நொண்டி நொண்டி, தணல்மேல் நடந்தே வந்தார். கரையேறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “கம்பி சுடுதான்னு தொட்டுப் பாரு” என்றார். கணுக்காலுக்கு மேலே தொட்டேன். எல்லார் காலையும் போலத்தான் இருந்தது. ஆனால் கிடுகிடுவென்று நடுங்கியது.

இப்போது அப்புத்தளை பஸ்ஸில் வேறு கதை ஓடுகிறது. கம்பி சிவந்து ஜொலித்ததாம், அம்மன் அதைப் பொன்னாக்கிவிட்டாளாம். அம்மன் அவரைக் காத்தாள். எனக்கு அது போதும். வாசகர்களே, யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அந்த நடுக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அதைத் தொட்ட கையால்தான் இன்றும் சாமி கும்பிடுகிறேன்.