டோன்டச் அண்ணன் தொட்ட கம்ப்யூட்டர்

பினாங்குத் தீவில் அடுத்தவர் பொருளைத் தொடாமலேயே வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் டோன்டச் அண்ணன்தான். யார் வீட்டுக்குப் போனாலும், வியர்வையில் சட்டை நனைந்தாலும், ஃபேன் வேகத்தைக் கூட்ட மாட்டார். லிஃப்டில் ஏறினால், வேறு யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை உள்ளேயே நிற்பார். கேட்டால், “லிஃப்ட் என்னோடது இல்லையே” என்பார். ‘டோன்ட் டச்’ என்பது நாங்கள் வைத்தது; பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஆபீசில் அதைத் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேர் செய்து விற்றோம். முதலாளியை ‘டத்தோ’ என்று கூப்பிடுவோம். அரசாங்கம் கொடுக்கும் அந்தப் பட்டம் இன்னும் வரவில்லை. எப்படியும் வந்துவிடும் என்று அவரே எங்களை முன்கூட்டிப் பழக்கி வைத்திருந்தார். போனை எடுத்து வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது என் வேலை. நாங்கள் செய்ததை அவர்கள் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கும் இன்ஸ்டாலரைச் செய்வது டோன்டச் அண்ணனின் வேலை.

மதியம் நாசி கண்டார் கடைக்குப் போவோம். அண்ணன் பையிலிருந்து தன் தட்டு, தன் கரண்டி, தன் சில்லி பாட்டில், மடக்கு நாற்காலி எல்லாம் வெளியே வரும். சாப்பிட்டு முடித்ததும் அத்தனையும் உள்ளே போகும். மேசையைத் துடைத்துவிட்டு, அவர் வந்துபோன சுவடே இல்லாமல் கிளம்புவார்.

“அண்ணே, நாளைக்குச் சோறும் கொண்டாந்துருங்க லா. நான் கடைய சாத்திட்டு வீட்டுக்குப் போறேன்” என்பார் கடைக்கார பாய்.

இன்ஸ்டாலர் விஷயத்திலும் அண்ணனுக்கு இதே வேதம்தான். நாங்கள் எழுதும் புரோகிராம் கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியாது. நடுவே ஒரு இன்டர்பிரெட்டர் இருந்து படித்துச் சொல்ல வேண்டும். அண்ணன் அதைத் துபாஷி என்பார்.

“நம்ம துபாஷிய நாமளே கூட்டிட்டுப் போவணும். நம்ம ரூம்லயே உக்கார வைக்கணும். அந்த வீட்ல ஏற்கனவே வேலை பாக்குற துபாஷி நாற்காலியில போயி உக்காரக் கூடாது. திரும்பி வரும்போது நம்ம ஆளக் கூட்டிட்டு வந்துரணும். அவ்ளோதான் லா.”

டத்தோவுக்கு இந்த அடக்கம் பிடிக்கவில்லை. எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு கோளாறு இருந்தது. தேதியில் மாதம் முதலில் இருந்தால்தான் அதற்குப் புரியும். மலேசியாவிலோ நாள்தான் முதலில் வரும். சாஃப்ட்வேரைத் திருத்துவது பெரிய வேலை. ஆகவே ஊரைத் திருத்திவிடலாம் என்று முடிவு செய்தார்.

“இன்ஸ்டாலர் உள்ள போவுதில்ல? போற போக்குல கஸ்டமர் கம்ப்யூட்டர்ல மாசத்த முன்னால வச்சிடு. நம்ம துபாஷிய எல்லாருக்கும் முதல் ஆளா போட்டுடு. ஒரே கிளிக். முடிஞ்சிச்சு.”

“டத்தோ, அது அவங்க கம்ப்யூட்டர்.”

“நாம உள்ள போயாச்சுன்னா அப்புறம் நம்ம கம்ப்யூட்டர்தானே?”

“செய்ய மாட்டேன் டத்தோ” என்றார் அண்ணன். டத்தோ அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்து முடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில். டத்தோ பெருந்தன்மையோடு கல்யாணப் பரிசு அறிவித்தார். அண்டாவும் இல்லை, மோதிரமும் இல்லை. கோயில் ஆபீசுக்கு எங்கள் சாஃப்ட்வேர் இலவசம்! முந்தின நாள் சாயங்காலம் அவரே போய் ஒரே கிளிக்கில் ஏற்றிவிட்டு வந்தார்.

அந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. கோபுரத்தில் நிஜ மணி கிடையாது, ஒலிபெருக்கிதான். பங்கு இளைஞர் ஒருவர் எழுதிய சின்ன புரோகிராம் தேதியைப் பார்த்து, திருநாளுக்குத் திருநாள் மணியும், கல்யாணத்துக்குக் கல்யாண மணியும், நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளுக்குத் துக்க மணியும் போடும்.

பதினொன்று, இரண்டு என்று இருந்த தேதியை எங்கள் சாஃப்ட்வேர் இரண்டு, பதினொன்று என்று திருப்பி வைத்துவிட்டது; மணி புரோகிராம் அதை நவம்பர் இரண்டு என்று படித்துக்கொண்டது. நான் காடிக் கதவைத் திறந்து இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கோயில் வாசலில் காலை வைத்தேன்.

டண்.

நீண்ட அமைதி. மறுபடி ஒரு டண்.

கூட்டம் மொத்தமும் சிலுவை போட்டுக்கொண்டது. “யாரு போயிட்டா?” என்று ஒரு பெரியவர் விசாரித்தார். மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று திரும்பி, மகன் உயிரோடு நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் அசையாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். தாயில்லாத மாப்பிள்ளையை வளர்த்தவர் இந்த அத்தைதான். அத்தை வராத இடத்துக்கு மாப்பிள்ளையும் வரமாட்டார்.

“மணிய நிப்பாட்டிடறோம்மா” என்றார் உபதேசியார்.

“நிப்பாட்டினா ஆச்சா? பொண்ணு கால வைக்கறப்ப சாவு மணி அடிச்சிருக்கு. கல்யாண மணி என் காதுல விழணும். இல்லாட்டி பையனக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. டத்தோ போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ முக்கியமாகப் பேசுவதுபோல் மெல்ல நழுவினார். கூட்டத்தின் கடைசியில், தன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த டோன்டச் அண்ணன் எழுந்தார். ஆபீஸ் அறைக்குள் போனார். கம்ப்யூட்டர் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, ஏதாச்சும் செய்யுங்கண்ணே!” என்று பின்னாலேயே ஓடினேன்.

“ஃபாதர் வரட்டும்மா. அவரக் கேக்காமத் தொடக் கூடாது.”

டண்.

ஃபாதர் பூசை உடுப்போடு மூச்சிரைக்க ஓடி வந்தார். “ஃபாதர், இத நான் தொடலாமா?” என்று கேட்டார் அண்ணன்.

“தொடுங்கய்யா! தொடுங்க!”

“என்னென்ன மாத்தப் போறேன்னு முதல்ல சொல்லிடறேன் ஃபாதர்…”

டண்.

“ஆண்டவர் பேரால கேக்கறேன், தொடு லா!”

தொட்டார். தேதியைப் பழையபடி திருப்பினார். நேற்றிலிருந்தே பழைய துபாஷியோடு ஓடிக்கொண்டிருந்த மணி புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினார். சத்தமே இல்லை. எங்கள் துபாஷிதான் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய புரோகிராமின் பாஷை அவருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. வெளியே அத்தை காடிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் ஆளை எழுப்பி ஓரமாக அனுப்பினார். கோயிலின் பழைய துபாஷியை அவருடைய இடத்தில் உட்கார வைத்தார்.

கல்யாண மணி புக்கிட் மெர்தாஜாம் அதிர அடித்தது. அத்தை ஒரு காலைக் காடிக்குள் வைத்தவர், அந்தக் காலை வெளியே எடுத்தார். என் கையைப் பிடித்து அவரே உள்ளே கூட்டிப் போனார்.

பூசை முடிந்து எல்லாரும் போட்டோவுக்கு நின்றோம். டோன்டச் அண்ணன் தூரத்தில் நின்று, தான் மாற்றியதையெல்லாம் உபதேசியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை என் காதருகே குனிந்தார்.

“அந்த மனுசன் உனக்கு என்னா வேணும்?”

“எங்கண்ணன், அத்தை” என்றேன்.

“அப்ப அங்க எதுக்கு நிக்குறாரு? பக்கத்துல வரச் சொல்லு.”

வந்தார். அந்தப் படத்தில் யாரையும் இடித்துவிடாமல் கையை ஒடுக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. ஆனாலும் அன்றைக்கு அத்தையிடம் பொய் சொன்னதாக எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.