டயருக்குப் போன பால்கோவா

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கைவேலை தெரியாதவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவர்கள் பேசாமல் கடைக்குப் போய்விடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் ஆபத்து. அந்தக் கணக்கில் என் இருபத்தேழாவது வயதில் ராஜபாளையத்தின் மிகப் பெரிய ஆபத்து நான்தான்.

அப்போது ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். நூல் எம்புட்டு இழுத்தால் அறுகிறது என்று நாள் முழுக்க இழுத்துப் பார்ப்பதுதான் வேலை. (கை பழகிப்போய் வீட்டிலும் எதையாவது இழுத்து அறுத்துக்கொண்டே இருந்தேன்.) அந்த வருஷம் எனக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. சும்மா ஓட்டுகிற பைத்தியம் இல்லை. கூடாரம், அடுப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, மலையடிவாரத்து மண்பாதைகளில் போய், எங்கேயாவது தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற பைத்தியம். அதற்காக கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்தில் போட்டு, நானே மாற்றியமைக்க ஆரம்பித்தேன்.

பஞ்சு மூட்டை சுற்றிவந்த சாக்கு, பை ஆனது. தண்ணீர்க் குழாயின் கிளாம்ப், பாட்டில் தாங்கி ஆனது. பெயின்ட் வாளியை வெட்டி மட்கார்டு செய்தேன். டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றுவதற்கென்று தனியாக லீவர் உண்டு. ஆன்லைனில் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சமையலறையில் எவர்சில்வர் ஸ்பூன் உடனே கிடைத்தது. வீட்டிலிருந்த ஆறு ஸ்பூன்களும் ஒரே வாரத்தில் கூன் விழுந்தன.

"ஏட்டி, ரசத்தை மோந்து குடிக்கப் போனா ஸ்பூன் மூக்கைப் பாக்குது," என்றார் பவுனு அத்தை.

பவுனு அத்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அறுபத்திரண்டு வயது. கல்லைக் கொடுத்தாலும் கடித்துப் பார்த்து, உப்பு குறைச்சல் என்று சொல்லக்கூடியவர். அவருக்குத் தலைவலி வந்ததே கிடையாது. அவரால் அடுத்தவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் அப்பா வாயைத் திறந்ததில்லை. எனவே இந்தக் கதையிலும் திறக்க மாட்டார்.

சைக்கிள் தயாரானது. முள் தயாராக இருந்தது. எங்கள் பக்கத்து மண்பாதைகளில் சீமைக்கருவேல முள் விதைத்துவிட்ட மாதிரி கிடக்கும். மூன்று முறை கிளம்பி, மூன்று முறையும் பஞ்சராகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். பஞ்சர் தானாக அடைபட டியூபுக்குள் ஊற்றும் பிசின் ஒன்று விற்கிறார்கள். அதைத் தேடும்போது ஒரு வீடியோவில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சொன்னார்: அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் டின்னில் அடைத்த கெட்டிப் பாலை டயருக்குள் ஊற்றுவார்களாம். ஓட்டை விழுந்தால் பால் உள்ளிருந்து பிதுங்கி, காய்ந்து, அடைத்துக்கொள்ளுமாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கேயோ கிடக்கிறவன் டின் பாலை வைத்துக்கொண்டு இத்தனை சாதித்திருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேர பஸ்ஸில் இருந்துகொண்டு நான் டின்னுக்குப் போவதா?

மறுநாளே போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் பால்கோவா கடையில்தான் முட்டிக்கொள்வோம். நான் ஒரு சந்துக்குள் கடைக்குப் பின்னால் அடுப்படியே இருக்கிற இடமாகப் பார்த்து நுழைந்தேன். பெரிய இரும்புச் சட்டியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளை மீசைக்காரர் ஒருவர் துடுப்பு மாதிரிக் கரண்டியால் விடாமல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதைப் பாதியில எறக்கி, கெட்டிப் பாலா ஒரு தூக்குல தரமுடியுமா?"

கரண்டி நின்றது. "பாதியிலயா? பால்கோவாவைப் பாதியில எறக்குறதும் தாலியைப் பாதியில கட்டுறதும் ஒண்ணு. எதுக்கு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அந்தப் பாலைப் பார்த்த பார்வையில், டயர் என்ற வார்த்தை என் தொண்டையிலேயே இறங்கிப்போனது. பதிலுக்கு வேறொன்று ஏறி வந்தது.

"எங்க அத்தைக்கு. உடம்பு சரியில்ல. எதையும் மெல்ல முடியல. பால்கோவா திங்கணும்னு ஒரே ஆசை."

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. பாதியில் இறக்கினார், ஆற்றினார், தூக்குவாளி நிறைய ஊற்றினார். பர்ஸைத் திறந்தால், "சீக்காளி திங்கதுக்குக் காசு வாங்குனா ஆண்டாள் என்னைச் சும்மா விடுவாளா?" என்று கையைத் தட்டிவிட்டார். அதோடு விட்டாரா? "அத்தை பேரென்ன, நட்சத்திரமென்ன? திங்கக்கிழமதோறும் மடவார் வளாகம் வைத்தியநாத சாமி கோயிலுக்குப் போவேன். அவிய பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுதேன்."

அப்போதாவது ஒரு பொய்ப் பெயர் சொல்லியிருக்கலாம். சாமி காரியத்தில் பொய் சொல்லக் கூடாதே என்று, (என் நேர்மையைப் பாருங்கள்) "பவுனு, பரணி நட்சத்திரம்" என்று சுத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, டியூபின் வால்வு பின்னைக் கழற்றி, ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு டியூபுக்கும் ஒரு டம்ளர் பால் ஏற்றினேன். மிச்சத்தை அத்தை தோசைக்குத் தொட்டுக்கொண்டார். அடுத்த நாள் காலையில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பாதை. முன் சக்கரத்தில் ஒரு முள் ஏறியது. 'உஸ்' என்றது. வெள்ளையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது, காய்ந்தது, காற்று நின்றுவிட்டது! வனத்துறை செக்போஸ்ட்டுக்கு முன்னால் நான் குதித்த குதியில் அங்கே காவலுக்கு இருந்தவர் வெளியே வந்து, "ஏம்மா, கட்டெறும்பு கடிச்சிட்டா?" என்று கேட்டார். முள்ளைப் பிடுங்க மனமில்லாமல் விருது மாதிரி அப்படியே விட்டுவைத்தேன்.

இதே நாட்களில் வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் போனில் பேசிய இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கல்யாணத்துக்கு அப்புறமும் சைக்கிள் ஓட்டுவீங்களா?" மூன்றாவதாகப் பேசிய முத்துக்குமார், "அவ்வளவு லக்கேஜ் கட்டினா மேட்டுல பேலன்ஸ் எப்படி?" என்று கேட்டான். நான் முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவன் முக்கால் மணி நேரமும் கேட்டான். போனை வைத்தபோது, கட்டினால் இவனைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். நான் வாழ்க்கையில் எதையும் அத்தனை ஆசைப்பட்டதில்லை. வங்கி வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர், அப்பாவுக்குப் பலகாரத் தொழில் என்று தரகர் சொல்லியிருந்தார். பலகாரம் என்றால் மிக்சர், சேவு என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வருவதற்குள் இரண்டு வாரம் ஓடியது. மே மாத வெயில். முற்றத்தில் ஒரு நாற்றம் மெதுவாகத் தலைகாட்டியது. சாக்கடை என்றார் அம்மா. எலி செத்துக் கிடக்கிறது என்றார் அத்தை. எறும்புகள் சுவரோரமாக வரிசையில் வந்து சைக்கிள்மேல் ஏறின. பின் சக்கரம் முன்பைவிடக் கல்லாக இருந்தது. 'என் பால் காற்றையும் பிடித்து வைத்திருக்கிறது' என்று பெருமைப்பட்டேன். உள்ளே சீனியும் பாலும் புளித்துப் பொங்கிக்கொண்டிருப்பது, நூலை இழுத்துப் பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கக் கூடாதே என்று அன்று காலையில் இன்னும் நாலு அடி காற்று வேறு அடித்துவைத்தேன்.

"வாரவிய கண்ணுல இந்தக் கருமம் படக் கூடாது," என்று அம்மா சைக்கிளை ஹால் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் சாய்த்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார். வீடெங்கும் சாம்பிராணி போட்டார்.

அவர்கள் வந்தார்கள். முத்துக்குமார், அவன் அம்மா, அவன் அப்பா. நான் காபித் தட்டோடு ஹாலுக்குள் வந்து நிமிர்ந்தால், ஜன்னலோர நாற்காலியில் வெள்ளை மீசை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து எழுந்துவிட்டார்.

"ஏம்மா, நீயா! அத்தை எப்படி இருக்காவ? இப்ப கஞ்சியாவது எறங்குதா?"

"எந்த அத்தை?" என்றார் அம்மா.

"பவுனு, பரணி நட்சத்திரம்! ரெண்டு திங்கக்கிழம அர்ச்சனை பண்ணியாச்சே!" சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

பவுனு அத்தை அந்த நேரத்தில் மூன்றாவது உளுந்து வடையில் இருந்தார். நான் தட்டுக்குப் பின்னாலிருந்து கண்ணால், புருவத்தால், கடைசியில் மூக்கால்கூட ஜாடை காட்டினேன். அத்தைக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் நடிக்கச் சொல்கிறேன் என்பது புரிந்துவிட்டது. உடனே கண்ணைச் சொருகி, தலையைச் சாய்த்து, "ஹ்ம்ம்... ஏதோ இருக்கேன்" என்று முனகினார். வடையை மட்டும் கீழே வைக்கவில்லை.

"அய்யோ மதினி, என்ன செய்யுது?" என்று அம்மா நிஜமாகவே அலறிக்கொண்டு ஓடினார்.

முத்துக்குமாரின் அம்மா முகம் மாறியது. கேசரித் தட்டைக் கீழே வைத்தார். (அதில் கொக்கி மாதிரி வளைந்த ஸ்பூன். அதை அவர் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார்.) "மெல்ல முடியாத சீக்குன்னு இவிய சொன்னாவ... இது உங்க வம்சத்துல வேற யாருக்கும் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரு தூக்குப் பாலுக்காக ஒரு வம்சத்துக்கே வியாதி வரவைத்துவிட்டேன். கல்யாணம் அந்த வடையோடு போகப் போகிறது. முத்துக்குமார் என்னைப் பார்க்கிறான். நான் தட்டைப் பார்க்கிறேன்.

வம்சம் என்ற வார்த்தை அத்தையைச் சொகமாக்கிவிட்டது. சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவளுக்குச் சீக்கு? கரும்பைக் கொண்டா, இங்கனயே கடிச்சுக் காட்டுதேன்!"

அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே 'டமார்' என்றது. போர்வை ஒரு முழம் மேலே எழும்பி விழுந்தது. என் ஸ்பூன் கீறிவைத்திருந்த பின் டயரின் ஓரம் கிழிந்து, இரண்டு வாரம் புளித்த பால்கோவா ஜன்னல் கம்பி வழியாக நேராகப் பெரியவரின் சட்டை, மீசை, திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றின் மேலும் அப்பியது. நாற்றம் அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். முத்துக்குமாரின் அம்மா வாசலுக்கே போய்விட்டார்.

பெரியவர் மட்டும் அசையவில்லை. மீசையிலிருந்து ஒரு விரலால் வழித்தார். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இது என் பாலுல்லா?" என்றார். "என் பதமுல்லா இது?"

நாற்பது வருஷம் கிண்டிய கை. அதனிடம் பொய் சொல்ல முடியாது. சைக்கிள், முள், வெள்ளைக்காரத் தாத்தா, சிரிஞ்ச் என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். "மிச்சத்தை அத்தைதான் சாப்பிட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டேன். "தோசைக்கு நல்லாத்தான் இருந்திச்சு," என்று அத்தை சாட்சி சொன்னார்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்ப எழுந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது முத்துக்குமார் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"பஞ்சர் அடைச்சிச்சா?"

"அடைச்சிச்சு," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "செண்பகத்தோப்புல முள் ஏறிச்சு. முன் சக்கரத்துல இன்னும் அந்த முள் இருக்கு."

வாசல்வரை போன பெரியவர் நின்றார். "அடைச்சிச்சா?"

நேராகச் சைக்கிளிடம் போனார். போர்வையை விலக்கி, குத்தவைத்து உட்கார்ந்து, முன் டயரில் இருந்த முள்ளைச் சுற்றி விரலால் தடவினார். பிறகு எழுந்து வண்டியை நோக்கி நடந்தார். போகும்போது வாசலில் எச்சில் கையோடு நின்ற அத்தையிடம் மட்டும் ஏதோ சொன்னார்.

மூன்று நாள் பதிலே இல்லை. அந்த மூன்று நாளும் நான் சைக்கிள் பக்கமே போகவில்லை. முற்றத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். நாலாவது நாள் அவரே போன் செய்தார். சம்மதமாம். ஆனால் ஒரு நிபந்தனை. அத்தை குணமானால் அத்தையையே மடவார் வளாகத்துக்குப் பால்குடம் எடுக்க வைப்பதாக வேண்டியிருந்தாராம். அத்தையிடம் வாசலில் சொன்னதும் அதுதானாம். "சாமிட்ட சொன்னது சொன்னதுதான். அவிய சொகமாத்தான இருக்காவ?"

"வராத சீக்குக்கு நேர்த்திக்கடனா?" என்று அத்தை ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் ராஜபாளையத்திலிருந்து மடவார் வளாகம் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தோம். "சைக்கிள் மிதிக்கிற காலுதான, நட!" என்று வழியெல்லாம் குடத்தை என் தலையில் வைத்துவிட்டு, கோயில் வாசலில் மட்டும் அத்தை வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் மாமனார் கடையில் யார் வந்து கெட்டிப் பால் கேட்டாலும், "வாய்க்கா, டயருக்கா?" என்று கேட்காமல் கரண்டியை எடுக்க மாட்டார். அத்தை பேருக்குத் திங்கள்கிழமை அர்ச்சனை இன்னும் நடக்கிறது. அத்தைக்கு இதுவரை ஒரு தும்மல்கூட வரவில்லை. கேட்டால், எல்லாம் என் டயர் புண்ணியம் என்கிறார்.

போன மாதம் நானும் முத்துக்குமாரும் மூட்டை கட்டிக்கொண்டு பிளவக்கல் அணைப் பக்கம் சைக்கிளில் போனோம். கிளம்பும்போது மாமனார் கையில் இரண்டு டப்பாக்களைத் திணித்தார். அணைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து பிரித்தேன். ஒன்றில் பால்கோவா; மேலே அவர் கையெழுத்தில் 'வாய்க்கு' என்று எழுதியிருந்தது.

இன்னொன்றில் கெட்டிப் பால். அதன் மூடியில், 'டயருக்கு. சீனி போடவில்லை. புளிக்காது.'