ஒரு பிடி சாம்பிள்

“பேஷண்ட் பேரு?”

“பேஷண்ட்டெல்லாம் யாரும் இல்லம்மா. ஒரு விவரம் கேக்க வந்திருக்கேன்.”

“விவரம் கேக்க வந்தவருக்கும் பேரு இருக்கும்லண்ணே?”

“காசிராஜன்.”

வரவேற்பு மேசையில் இருந்த கற்பகம் நோட்டைப் புரட்டினாள். “ஆமா, நாலாம் நம்பர். உங்க பாப்பா போன வாரமே டோக்கன் போட்டிருச்சு. அந்த எடை மிஷின்ல ஏறி நில்லுங்க.”

“எடை எதுக்கு?”

“வர்றவங்க எல்லாருக்கும் பாக்குறதுதான்.”

ஏலக்காய் வியாபாரிக்கு எடை மிஷினோடு சண்டை போட வராது. காசிராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். எழுபத்தொன்பது காட்டியது. பொங்கலுக்கு எண்பத்து நாலு இருந்தார். அந்த ஐந்து கிலோ எங்கே போனது என்று கற்பகத்துக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு வந்த மகள் பவதாரணி, “நான் சைக்காலஜிஸ்ட் ஆகப் போறேன்ப்பா” என்று சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அவள் சைக்காலஜி படிப்பதில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. எந்தப் படிப்பு வழியாக என்பதில்தான் சிக்கல். பி.ஏ.வா, பி.எஸ்சி.யா? போடியில் அவர் கேட்காத ஆள் பாக்கியில்லை. மைத்துனன் விஜயபாண்டி, “முதல்ல எம்.பி.பி.எஸ். முடிக்கணும் மாமா, இல்லாட்டி ஊசி போட விடமாட்டாங்க” என்றான். பிரவுசிங் சென்டர்காரர், “அஞ்சு வருஷம் ஒரே மூச்சா படிக்கிறதுதான் இப்ப ஓட்டம்” என்றார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு டிரைவர்கூட ஒரு கருத்து வைத்திருந்தார்.

காசிராஜன் பதினொரு கல்லூரிகளின் விவரப் புத்தகங்களை வரவழைத்து, குடோனில் சாக்கை விரித்து, காயைத் தரம் பிரிப்பதுபோல மூன்று குவியலாகப் பிரித்தார். காலையில் முதல் தரமாக இருந்தது சாயங்காலம் மூன்றாம் தரத்துக்குப் போனது. எல்லாக் கல்லூரியும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருந்தன. ஒன்றுகூடப் பக்கத்து ஊரான சிலமலையில் இல்லை. தபால் வழிப் படிப்புப் புத்தகம் ஒன்று மட்டும் எந்தக் குவியலுக்கும் போகாமல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

நேற்றுப் பவதாரணி பொறுமை இழந்துவிட்டாள். “அப்பா, நாளைக்குக் கடைசித் தேதி. தமிழினி மேடம் வியாழக்கிழமை வியாழக்கிழமை மதுரைலருந்து நம்ம ஊருக்கு வர்றாங்க. சைக்காலஜிஸ்ட். நீங்களே நேர்ல கேட்டுட்டு வந்துருங்க. அவங்க சொல்றதுதான் முடிவு.”

“நீயும் வா தாயி.”

“நான் வரல. நீங்க மனசு விட்டுக் கேளுங்க.”

எனவே இன்று மாலை ஐந்து மணிக்குள் காசிராஜன் ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். தப்பான பட்டமாகிவிட்டால் மகளின் வாழ்க்கை போச்சு. மணி மூன்றரை.

அந்த மாடியில் இரண்டே கதவுகள். இடது பக்கம் மனநல ஆலோசனை, வலது பக்கம் பல் ஆஸ்பத்திரி. காசிராஜன் இடது பக்க நாற்காலியில் ஒண்டி உட்கார்ந்த நேரம் பார்த்து ராஜாராம் படியேறி வந்தார். அவரும் ஏலக்காய் வியாபாரி. ஏல மையத்தில் பக்கத்து இருக்கை. அவர் காதில் ஒரு செய்தி விழுந்தால் அன்றைய ஏலம் முடிவதற்குள் போடிமெட்டு வரை போய்விடும்.

“என்னண்ணே, இங்க உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, காசிராஜன் தலைக்கு மேலே இருந்த போர்டை ராஜாராம் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

காசிராஜனின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. “பல்லு.”

“பல்லுக்கு அந்தப் பக்கம்லண்ணே உக்காரணும்!”

“அங்க சேர் இல்ல.”

“சேர் எதுக்கு? அது நம்ம மச்சினன் ஆஸ்பத்திரி. நீங்க போயி காத்துக் கிடக்கிறதா? வாங்கண்ணே!”

காசிராஜன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ராஜாராம் தோளில் கை போட்டு இழுத்துப் போய் வலது பக்க அறையின் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்துவிட்டார். டாக்டர் விளக்கை இறக்கி, “எந்தப் பல்லு?” என்றார். காசிராஜன் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினார். டாக்டர் அதைக் கம்பியால் தட்டினார். காசிராஜனின் இரண்டு காலும் மேலே போய் வந்தன.

“நல்ல வேளை வந்தீங்க. உள்ளுக்குள்ள சொத்தை ஓடியிருக்கு. எத்தன நாளா வலி?”

“இப்பத்தான் ஆரம்பிச்சுது,” என்றார் காசிராஜன். ராஜாராம் வந்த பிறகு அவர் சொன்ன முதல் உண்மை அது.

ஊசி போட்டார்கள். மரத்துப் போகப் பத்து நிமிஷம் ஆகும் என்றார் டாக்டர். ஐந்தாவது நிமிஷத்தில் அடுத்த பக்கத்திலிருந்து கற்பகத்தின் குரல் கேட்டது.

“நாலாம் நம்பர்! காசிராஜன்!”

ராஜாராம் நிமிர்ந்தார். “என்னண்ணே, உங்க பேரு அங்க கேக்குது?”

“அது வேற காசிராஜன். சிலமலைக்காரர்.”

“சிலமலைல யாரு நமக்குத் தெரியாத காசிராஜன்?”

பதில் சொல்வதற்குள் கற்பகமே வாசலில் வந்து நின்றாள். “இங்க என்னண்ணே சோலி உங்களுக்கு? மேடம் கூப்பிடுறாங்க, வெரசா வாங்க. மனசு மாறி ஓடிட்டீங்களோன்னு பயந்துட்டேன்!”

காசிராஜன் எழுந்து நடந்தார். முதுகுக்குப் பின்னால் ராஜாராம் செல்போனை எடுப்பது கேட்டது. “ஆமாப்பா, நம்ம காசிராஜன்தான். பல்லுன்னு சொல்றாரு. பாவம், அவருக்கே தெரியல போல.”

தமிழினிக்கு முப்பது வயதுதான் இருக்கும். பருத்திச் சேலை கட்டியிருந்தார். எதிரில் உட்காரச் சொன்னார். காசிராஜன் பதினொரு கல்லூரியின் பெயரையும் எழுதிய தாளை எடுத்து மேசையில் விரித்தார். பாதி வாய் மரத்திருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது.

“மேடம், என் மக சைக்காலஜி படிக்கணுங்கிறா. எந்தப் பட்டம் எடுக்கிறது?”

“சொல்றேன் சார். அதுக்கு முன்னால, உங்களுக்குத் தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?”

மகள் படிப்புக்கும் தன் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று காசிராஜனுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியபோது திக்கென்றது. இருபத்தெட்டு வருஷமாக அவர் செய்கிற வேலைதான் இது! ஐம்பது மூட்டையை யாரும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பிடி சாம்பிள் எடுத்து உள்ளங்கையில் உருட்டி, நிறம் பார்த்து, முகர்ந்து, ஒன்றை உடைத்துப் பார்த்தால் மொத்தச் சரக்கின் தரமும் தெரிந்துவிடும். பவதாரணி ஏன் தன்னை மட்டும் அனுப்பினாள் என்பது இப்போது புரிந்தது. இந்த அம்மா அப்பனை உருட்டிப் பார்த்து மகளுக்கு மார்க் போடப் போகிறார். தான்தான் சாம்பிள்.

காசிராஜன் நிமிர்ந்து உட்கார்ந்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“தூக்கமா? படுத்தா கட்டைதான் மேடம்.”

“கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கே?”

“எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்.” சொன்ன பிறகுதான் குடும்பம் என்பதில் மகளும் அடக்கம் என்று உறைத்தது. “மகளுக்குக் கிடையாது.”

“பசி?”

“ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடுவேன்.”

“சட்டை தொளதொளன்னு இருக்கு.”

“இது மைத்துனன் சட்டை.”

தமிழினி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். “வந்ததுலருந்து மூணு தடவை போனை எடுத்துப் பாத்துட்டீங்க. யாராவது கூப்பிடணுமா?”

“மக வீட்ல தனியா இருக்கா.”

“அம்மா வெளிய போயிருக்காங்களா?”

“இல்ல, ஈஸ்வரியும் வீட்லதான் இருக்கா.”

பேனா மறுபடியும் ஓடியது. சாம்பிள் அடிவாங்குவது காசிராஜனுக்குத் தெரிந்தது. சரிக்கட்டப் பார்த்தார். “நமக்கு எதுக்கும் பயமே கிடையாது மேடம். பிரேக் பிடிக்காத ஜீப்புல போடிமெட்டு வளைவெல்லாம் இறங்குனவன் நான்.”

“சரி. இப்ப பவதாரணி மதுரைல ஒரு ஹாஸ்டல் ரூம்ல இருக்கான்னு நெனைச்சுக்கோங்க. முதல்ல மனசுல என்ன வருது?”

காசிராஜனின் மனசுக்குள் ஒரு கட்டில் தெரிந்தது. அதில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பவதாரணி படுத்திருந்தாள்.

“அவளுக்குக் காய்ச்சல் வந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டா மேடம்,” என்றார். “நாமதான் நெத்தியத் தொட்டுப் பாக்கணும். அங்க யாரு தொட்டுப் பாப்பா?”

“அப்புறம்?”

“ரோடு கடக்கும்போது ஒரு பக்கந்தான் பாப்பா. கதவு தட்டுனா யாருன்னு கேக்காமத் தொறப்பா. போன வாரம் மதுரைல ஏதோ கல்யாணம்னு அவளும் அம்மாவும் போனாங்க. பதினேழு தடவ போன் பண்ணிட்டேன். பதினெட்டாவது தடவ சுவிட்ச் ஆஃப். பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு வர்ற மதுரை பஸ்சு ஒவ்வொண்ணுலயும் ஏறித் தேடுனேன். எனக்குப் பயமா இருக்கு மேடம். அவ்வளவுதான். ரொம்பப் பயமா இருக்கு.”

மரத்துப்போன கன்னத்தில் கண்ணீர் வழிந்தது அவருக்கே தெரியவில்லை. தமிழினி காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தபோது எதற்கு என்று பார்த்தார்.

அதற்குள் தமிழினி பக்கத்தைத் திருப்பி மளமளவென்று எழுத ஆரம்பித்துவிட்டார். போச்சு. உளறிக் கெடுத்துவிட்டோம். மகள் ஆசைப்பட்ட படிப்பு அப்பன் வாயால் போகிறது. காசிராஜன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மேடம், என்னைய வச்சு அவளுக்குத் தரம் போட்றாதீங்க! நான் பொக்குக் காய். உள்ள ஒண்ணுமில்ல. அவ எட்டு எம்எம் காய் மேடம், முதல் தரம், நல்ல பச்சை, ஒரு கீறல் கிடையாது. இந்த ஊர்ல யாருக்கு மனசு சரியில்லைன்னாலும் அவகிட்டதான் வந்து உக்காருவாங்க. என்கிட்ட ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. அவ படிக்கட்டும். எங்க வேணா போயிப் படிக்கட்டும்.”

தமிழினி பேனாவை மூடி வைத்தார். அவருடைய குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

“எங்க வேணா போயிப் படிக்கட்டுமா சார்?”

“எங்க வேணா.”

“மதுரை?”

“மதுரை.”

“அப்ப கேட்டுக்கோங்க. எம்.பி.பி.எஸ். வேண்டாம். அது மருந்து எழுதுற டாக்டருக்கு. சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ, சைக்காலஜில மூணு வருஷம். அப்புறம் எம்.எஸ்சி. ஆஸ்பத்திரில வைத்தியம் பாக்கணும்னா அதுக்கு மேல அங்கீகாரம் உள்ள பயிற்சி ஒண்ணு இருக்கு. நானும் அப்படித்தான் வந்தேன். பவதாரணிக்கு பி.எஸ்சி. சரியா இருக்கும். மத்தத அவளே உங்ககிட்ட சொல்லட்டும். நீங்க அடுத்த வியாழக்கிழமை வாங்க.”

“அடுத்த ரவுண்டா மேடம்?”

“அப்படியும் வச்சுக்கலாம்.”

காசிராஜன் வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. சாம்பிள் பாஸ்! மணி நாலு இருபது. வலது பக்க வாசலில் ராஜாராமும் பல் டாக்டரும் அவரை ரொம்ப அன்பாகப் பார்த்தார்கள். ராஜாராம் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டி, “மெதுவா குடிங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல,” என்று குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார். காசிராஜன் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. கற்பகத்தின் மேசைக்கு ஓடினார்.

“அம்மா, பி.எஸ்சி.யாம்! ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு, தப்பிப் போயிடக் கூடாது. இன்னும் நாப்பது நிமிஷந்தான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அப்ளிகேஷன் போடணும்.”

கற்பகம் ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் வரிசையாக ஆறு வியாழக்கிழமைகள் எழுதியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அவர் பெயர்தான் இருந்தது.

“இது என்னம்மா, ஆறு ரவுண்டா? இதெல்லாம் முடிச்சாத்தான் சீட்டா?”

கற்பகம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னண்ணே நீங்க, பாப்பாவும் ஈஸ்வரி அக்காவும் மதுரைக்குப் போயி பி.எஸ்சி. சீட்டு வாங்கி ஒரு வாரமாச்சு. ஹாஸ்டலுக்குக் கெளம்புறதுக்குள்ள எங்கப்பாவத் தேத்தி விட்ருங்கன்னுதானே பாப்பா உங்களுக்கு ஆறு டோக்கன் போட்டுட்டுப் போயிருக்கு!”