ஜாதகப் பொருத்தம் மீது துறை விசாரணை

திருவொற்றியூரில் சான்றிதழ் வழங்கும் அலுவலகம் ஒன்று உண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் போய்ச் சான்றிதழ் கேட்கலாம். கேட்பதற்குத் தடையே இல்லை.

காலடிப்பேட்டை ரமாபாய் திங்கட்கிழமை போய்க் கேட்டாள். மகள் ஷாலுவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். ஆபரேட்டர் பாரி விவரங்களை அடித்து பிரிண்ட் கொடுத்தார். சான்றிதழ் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்து பிரிண்ட் கொடுத்தார். மறுபடி மூடிக்கொண்டது. பிறகு திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது: 'ஜாதகப் பொருத்தம் என்ற புரோகிராம் ஆபத்தானது. நீக்கவா?'

"நீக்கு நைனா, இன்னா பாத்துகினு கீற?" என்றாள் ரமாபாய்.

"நீக்கறதுக்கு நான் யாரு, யக்கா?" என்று பாரி எழுந்துபோய் மேலாளர் உச்சிமாகாளியைக் கூட்டிவந்தார்.

உச்சிமாகாளி பெட்டியை நிதானமாகப் படித்தார். "இந்த ஆபீஸ்ல இருக்கிற எதையும் விசாரிக்காம நீக்க முடியாதும்மா. நாளைக்கு அது கோர்ட்டுக்குப் போனா யாரு பதில் சொல்லுறது?"

இலவசம் என்று பார்த்து, தன் மகள் கல்யாணத்துக்காக அந்தப் புரோகிராமை இறக்கியவர் உச்சிமாகாளிதான். அந்த விஷயம் விசாரணை வரம்புக்குள் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை புரோகிராமுக்கு மெமோ கொடுக்கப்பட்டது. வாங்க ஆளில்லாததால் மானிட்டர் மேல் ஒட்டப்பட்டது. புதன்கிழமை பியூன் துரை வராந்தாவில் நின்று, "ஜாதகப் பொருத்தம்! ஜாதகப் பொருத்தம்!" என்று முறைப்படி கூவினார். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், எந்த கவுண்டரில் பார்க்கிறார்கள் என்று விசாரித்தார். சம்பந்தப்பட்ட புரோகிராம் மட்டும் ஆஜராகவில்லை. ஆகவே குற்றம் நிரூபணமாகி, நம் அலுவலகங்களில் தொன்றுதொட்டு வழங்கிவரும் தண்டனை வழங்கப்பட்டது: பெரம்பூருக்கு மாற்றல்.

பாரி அதை ஆபீஸ் பென் டிரைவில் ஏற்றினார். பெரம்பூருக்குக் கொண்டுபோன துரை வியாழக்கிழமை திரும்பக் கொண்டுவந்தார். அங்கே காலியிடம் இல்லையாம்.

"சார், நம்ம ஏத்துனது நகலுதான். அது இன்னும் இங்கயே கீது," என்றார் பாரி.

"இருக்கட்டும். விடுவிப்பு ஆணை வர்ற வரைக்கும் பழைய இடத்துலயே இருக்கலாம். விதியில இருக்கு," என்றார் உச்சிமாகாளி.

வெள்ளிக்கிழமை ரமாபாய் கவுண்டரில் ஓங்கி அறைந்தாள். "இன்னாய்யா பேஜாரு பண்றீங்கோ? எம் பொண்ணு ராவும் பகலுமா படிச்சிக்கீது. அந்த கலீஜ் புரோகிராமுக்குக் குட்க்கற மரியாத எம் பொண்ணுக்கு இல்லியா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். உச்சிமாகாளிக்கு மனசு கேட்கவில்லை. உண்மையில் நல்ல மனிதர்தான்.

"பாரி, பிரிண்ட் வேண்டாம். சான்றிதழை அந்தப் பென் டிரைவ்லயே போட்டு இந்தம்மாட்ட குடுங்க."

காலேஜில் கிளார்க் பென் டிரைவைச் செருகினார். சான்றிதழ் அழகாகத் திறந்தது. ரமாபாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பதிவு செய்யப் பொத்தானை அழுத்தியதும் சேர்க்கை மென்பொருள் மூடிக்கொண்டது. சிவப்புப் பெட்டி வந்தது. கிளார்க் அதைப் படித்துவிட்டு, "நீக்கறதுக்கு நான் யாரும்மா?" என்றார்.

சற்று நேரத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். உரிய விசாரணை முடியும்வரை சேர்க்கை நிறுத்திவைக்கப்படுகிறது. கடைசித் தேதியும் தள்ளிவைக்கப்படுகிறது. சான்றிதழ் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்திருந்த கூட்டம் கைதட்டியது. ரமாபாயும் தட்டினாள். சீட்டு போகவில்லையே!

கூடவே வந்திருந்த ஷாலு மெல்ல அம்மாவின் காதருகே வந்தாள். "எம்மா, அது நம்ம பென் டிரைவ்லேந்துதான் வந்துது. சொல்லிட்டா விசாரணையே வேணாம், இப்பவே நீக்கிடுவாங்கோ. இன்னிக்கே எனக்கு சீட்டு."

கிளார்க் திருப்பிக் கொடுத்திருந்த பென் டிரைவை ரமாபாய் இடுப்பில் செருகிக்கொண்டாள். "வாய மூட்றி. எட்த்துகினு வந்தது யாருன்னு யாரும் கேக்கல. அவுங்க முறையா விசாரிக்கட்டும்."

முறையாகத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஷாலுவுக்கு வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை.