லெட் என்றால் யாருக்கு லெட்?

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லாரும் சுகம். அங்கே தங்கையும் பிள்ளைகளும் சுகம் என்று நீங்கள் பதில் போடாமலே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மேனேஜருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. வியர்வை சிந்தச் சொன்னார் டாக்டர். ஆபீசுக்குள் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லாததால், பின்பக்கம் வண்டி நிறுத்துகிற இடத்தைக் காலி செய்து ஷட்டில் கோர்ட் போட்டார். வருகைப் பதிவேடு பார்க்கிறவன் நேர்மையாக இருப்பான் என்று என்னை அம்பயராக்கி உயரமான ஸ்டூலில் ஏற்றினார். முதல் நாளே அவர் அடித்த இறகுப்பந்து வலையில் விழுந்தது. "லெட்!" என்று கத்தினார். என் காதில் அது 'லேட்' என்று விழ, கடிகாரத்தைப் பார்த்து, "இல்ல சார், அஞ்சேகாலுக்கே ஆரம்பிச்சுட்டோம்" என்றேன். எதிரே ஆடிய கேஷியர் சிரித்துத் தொலைத்தார். மறுநாள் அவர் குடோனில் இருந்தார்.

பயந்துபோய் விதிப் புத்தகம் வாங்கிப் படித்தேன் மாப்பிள்ளை. எதிர்பாராத தடங்கல் வந்தால் புள்ளியை யாருக்கும் தராமல் மறுபடி ஆடுவதுதான் லெட். "என்ன தடங்கல் சார்?" என்று பணிவாகத்தான் கேட்டேன். ஒருநாள் காக்கா கத்தியது என்றார், ஒருநாள் ஷூ கயிறு என்றார், ஒருநாள், "நீங்க முறைச்சுப் பாத்தீங்கல்ல, அதான்" என்றார். சரி, இந்த ஞானம் நமக்கும் உதவாமலா போகும் என்றிருந்த சமயத்தில், ஆபீஸ் கேஸ் ஒன்றில் எங்கள் வக்கீலுக்குப் போகவேண்டிய கவரை எதிராளியின் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டார். "லெட் சார்" என்றேன்.

"யோவ், நான் சொன்னாத்தான் அது லெட்டு. நீ சொன்னா ஃபால்ட்டு!" என்று மெமோவை நீட்டினார்.

வீட்டில் வந்து புலம்பினால் என் மனைவி, "விதியைப் படிச்சு என்ன பண்ண? தலைவிதியைப் படிச்சிருக்கணும்" என்கிறாள்.

நியாயம் செத்த இடத்தில் இனி ஏறி உட்கார மாட்டேன். ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. உங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஒரு மூலையில் நாற்காலி போட்டாலும் போதும்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் ஆசி சொல்லும் வயதுதான், ஆனால் வேலை கேட்கிறவன் என்பதால் வணக்கம்.

இப்படிக்கு,
நேர்மை தவறாத மச்சான்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தலைமை ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி வந்து மேனேஜரோடு ஆடினார். மேனேஜர் ஸ்டூலடிக்கு வந்து, "சார், விதிப்படி பாருங்க சார்" என்று கெஞ்சினார். அதிகாரிக்குப் பதினோரு லெட் கொடுத்தேன். அதில் மூன்று அவர் கேட்காமலே. ஒன்றாம் தேதி முதல் எனக்குத் தலைமை ஆபீசில் பதவி உயர்வு. நாற்காலி தேட வேண்டாம்.