பாவம் படாத வைரம்

1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் வைரங்கள் பேச ஆரம்பித்தன. வத்திராயிருப்பு பஸ்ஸில் நிற்க இடமில்லை. காதில் கிடந்ததைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, படித்தவர்களும் படிக்காதவர்களும் டோக்கன் வாங்கி நின்றார்கள். மனிதர் பேசினால் காது கொடுக்காத சனம், கல் பேசுவதைக் கேட்க மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றது.

பேச வைத்தவர் இரத்தின சித்தர் வைகுண்டராஜ். தோட்டைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடுவார். கல் சிரித்தால் பாவம் படாதது. அழுதால் எவளோ ஒருத்தியின் சாபம் ஒட்டியது. அழுத கல்லைத் தானே வைத்துக்கொண்டு, அதைவிடச் சின்னதாக ஒரு சிரித்த கல்லைக் கொடுப்பார். ஊர்ப் பாவத்தையெல்லாம் சுமக்க எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். சாபம் பெரிய கல்லாகப் பார்த்துத்தான் ஒட்டுகிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ராஜபாளையம் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த அழகுத்தாய்க்குத் தை மாதம் கல்யாணம். இறந்துபோன அம்மாவின் ஏழுகல் தோட்டோடுதான் மணவறையில் உட்காருவேன் என்றிருந்தாள். அம்மா விட்டுப்போனது அது ஒன்றுதான். அண்ணன் சங்கரலிங்கம் விடவில்லை.

"சித்தர் காதுல வைக்காம போடக் கூடாது. பொறவு மாப்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல?"

"சரிண்ணே, வாரேன்" என்றாள் அழகுத்தாய். ஆனால் முதல் நாளே, சோடியில் ஒரு தோட்டை மட்டும் தன்னோடு வேலை பார்க்கும் மாஜிதாவிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் வரிசையில் மாஜிதா முன்னால் போனாள்.

"போன மாசம் ஒங்ககிட்ட மாத்திட்டுப் போனது சாமி. இன்னொண்ணு ஆசாரிகிட்ட கெடக்கு. இன்னும் சுத்தமா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

சித்தர் கேட்டார். "பச்சப்புள்ள மாதிரி சிரிக்குதும்மா. எங் கையால கொடுத்ததுல்லா?"

பத்து டோக்கன் கழித்து அழகுத்தாய் மற்றதை நீட்டினாள். "எங்கம்மா போட்டது சாமி. அவிய இப்ப இல்ல."

சித்தர் முகம் சுருங்கியது. "ஏங்கி ஏங்கி அழுவுதும்மா. இதப் போட்டா மாப்பிள்ளை அடுத்த தையப் பாக்க மாட்டான். இங்கயே விட்டுட்டுப் போ."

சங்கரலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "விட்டுட்டு வா தாயி" என்றான்.

சித்தருக்கு அதோடு போதவில்லை. "இதோட சோடி எங்க? ரெண்டையும் சேத்துத்தான் கழிக்கணும்."

"இந்தா, இவ கையில இருக்கு சாமி."

போகாமல் ஓரமாக நின்றிருந்த மாஜிதா உள்ளங்கையை விரித்தாள். அழகுத்தாய் இரண்டையும் சேர்த்து வைத்துத் திருப்பிக் காட்டினாள். இரண்டின் பின்புறத்திலும் அம்மாவின் பெயர் பொறித்திருந்தது.

"நாப்பது வருசம் ஒரே தலையில கெடந்தது. எங்கம்மா என்ன, ஒரு காதுக்கு மட்டுமா அழுதா?"

சித்தர் கிரகம் என்று ஏதோ ஆரம்பித்தார். சங்கரலிங்கம் அவருடைய பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தான். ஊர்ப் பெண்களின் பெரிய கற்களெல்லாம் பாயில் உருண்டன. கூட்டம் தன் தன் பொருளைத் தேட, சித்தர் மாடிப்படியைத் தேடினார். மனைவியின் மூக்குத்தியோடு படியில் வரிசையில் நின்ற ஏட்டு வேல்சாமி, டோக்கனை அவசரமாகச் சட்டைப் பையில் திணித்துவிட்டுத் தன் கடமையைச் செய்தார்.

மகாராஜபுரத்துக்காரர் ஒருவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அப்ப பாவம் படாத வைரத்த எப்பிடித்தான் கண்டுபிடிக்கதாம்?"

அழகுத்தாய் தோட்டின் திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னாள்: "குழியில எறங்கித் தோண்டுனவனுக்கு ஒழுங்காக் கூலி கொடுத்தாகளா, பட்டை தீட்டுனவன் வயிறு நெறைஞ்சுதான்னு கடைக்காரன்கிட்ட கேளுங்க. கல்லுகிட்ட கேட்டா அதுக்கு என்ன தெரியும்? மூளை இல்லாதது அது. நமக்கும் இல்லன்னு யாரு சொன்னா?"