பதினைந்தாம் லெவல் பதிலடி

அசனப் பட்டியலில் ஏழாவது வரியில் தன் பெயரைப் பார்த்த நிமிஷமே ஜெயசிங் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். போகமாட்டார். ஆயர் வந்து கூப்பிட்டாலும் போகமாட்டார். பிஷப்பே வந்து கூப்பிட்டால் யோசிக்கலாம். ஆனால் சபிதா கூப்பிட்டால் நிச்சயமாகப் போகமாட்டார்.

'ரசம்: திரு. ஜெயசிங்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து சபிதாவுடையது. அவருடைய மனைவி. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளரும் அவள்தான். வருஷத்துக்கு ஒருநாள் சபையார் எல்லோரும் ஆலய வளாகத்தில் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தில் யார் காய் நறுக்குவது, யார் வாளி தூக்குவது என்று தீர்மானிப்பவள். ஆலய வாசலில் பட்டியல் ஒட்டிய அந்தப் பலகையில் ஏறிய பெயர் இறங்கியதாகச் சரித்திரம் கிடையாது. ஞானையன் பெயரை மட்டும் ஒருமுறை அழித்தார்கள். அவர் முந்தின வாரம் இறந்துபோயிருந்தார்.

ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சபிதா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வழுதலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்க பேரை எழுததுக்கு முன்னால எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

சபிதா ஒரு காம்பை அரிந்து தள்ளினாள்.

"ரசம். மஸ்கட்டில பதினாறு வருஷம் நானூறு பேருக்கு சேஃப்டி பாத்தவன் நான். என்னைக் கொண்டுபோய் ரசத்தில விட்டிருக்க."

ஒரு வழுதலங்காய் நாலாகப் பிளந்தது.

"முந்தின வருஷம் சோறு. போன வருஷம் சாம்பார். இந்த வருஷம் ரசம். வருஷத்துக்கு வருஷம் கீழ எறங்கிட்டே வாறேன். அடுத்த வருஷம் எச்சில் இலை எடுக்க விடுவியா?"

"அது ஆன்ஸ்லின் செய்யுதாரு," என்றாள் சபிதா. "நல்லா செய்யுதாரு. அவரை மாத்த முடியாது."

ஜெயசிங் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை எனக்கு வலுசர்ப்பம் இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா எழுதின?"

"தெரிஞ்சதினாலதான் ரசம் எழுதினேன். சோறுன்னா முதல்லயே நிக்கணும். ரசத்துக்குக் கொஞ்சம் பின்னால வந்தாலும் மதி."

வலுசர்ப்பம் என்றால் பைபிளில் வருகிற அந்த டிராகன் அல்ல. ஆனால் ஏறக்குறைய அந்த அளவு இருக்கும். மஸ்கட்டில் லேபர் கேம்ப்பில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் ஜெயசிங்குக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனோ மந்திரவாதியோ ஆகி, இருபது முகப் பகடையை உருட்டி அந்தக் கதைக்குள் சண்டை போடுவார்கள். சண்டையில் தேறத் தேற வீரனுக்கு லெவல் ஏறும். ஊருக்குத் திரும்பிய மூன்று வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும், இதே சாப்பாட்டு மேசையில் அது நடந்துகொண்டிருந்தது. கதை நடத்துகிறவன் பக்கத்து வீட்டு ஷிபு. மந்திரவாதி, வடசேரியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சுயம்புராஜ். வீரன் ஜெயசிங்.

மூன்று வருஷம் குகைகள், பாலங்கள், பாழடைந்த கோட்டைகள் எல்லாம் தாண்டிக் கடைசியில் வலுசர்ப்பத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். போன மாதம் அது ஒரே மூச்சில் ஜெயசிங்கின் வாள்வீரனைக் கருக்கிவிட்டது. ஷிபு இரக்கப்பட்டு, பதினைந்தாம் லெவலில் புதிய வீரன் ஒருவனைச் செய்துகொள்ள அனுமதித்தான். ஷிபுவுக்கு விசா வந்துவிட்டது. திங்கட்கிழமை அதிகாலை விமானம், ஞாயிறு சாயங்காலமே கிளம்பவேண்டும். அதனால் வலுசர்ப்பம் சாவதென்றால் இந்த ஞாயிறு, மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாகவேண்டும். அசனமும் அதே நேரம்தான். இல்லாவிட்டால் மூன்று வருஷமும் வீண்.

புதிய வீரனுக்காக ஜெயசிங் மூன்று வாரம் ஒரு நோட்டை நிரப்பினார். வில்லாளியை யோசித்தார். வலுசர்ப்பம் எட்டாத உயரத்தில் பறக்கும். கோடரிக்காரனை யோசித்தார். அவன் கோடரியை ஓங்குவதற்குள் அது மூன்று அடி அடித்துவிடும். மல்லனை யோசித்தார். வலுசர்ப்பத்தைக் கட்டிப்பிடித்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் விதிப்புத்தகத்தின் ஒரு மூலையில் பதிலடி நிலையைக் கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லியாகவேண்டியிருந்தது. அன்றைக்கும் சபிதா காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேளு. இவன் முதல்ல அடிக்கவே மாட்டான். கேடயத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு நிப்பான். எவன் அடிச்சாலும் அந்த அடி ரெண்டு மடங்கா அவனுக்கே திரும்பும். தப்பவே தப்பாது. வலுசர்ப்பம் ஒரு ரவுண்டில மூணு அடி அடிக்கும். கணக்குப் போட்டுக்கோ."

"அடிக்கலேன்னா?" என்று கேட்டாள் சபிதா.

"வலுசர்ப்பம் அடிக்காம இருக்குமா?"

"இவனுக்கே அடிக்கணும்னு தோணிச்சுன்னா?"

"அப்பம் அந்த நிலையை விட்டு வெளிய வரணும். கவசம் கனம். பதினெட்டுக்கு மேல விழுந்தாத்தான் அடி படும். அந்த நேரம் இவனுக்குப் பாதுகாப்பும் கிடையாது. ஆனா இவன் எதுக்கு வெளிய வாறான்?"

இருக்கிற பலத்தையெல்லாம் அந்த ஒரு வித்தையில் கொட்டினார். வீரனுக்கு ரணசிங்கம் என்று பெயர் வைத்தார். அப்படிப்பட்ட ரணசிங்கத்தை விட்டுவிட்டு ரசவாளி தூக்கவேண்டுமாம்.

"உனக்கு இது பிள்ளைங்க விளையாட்டு," என்றார் இப்போது, மேசையைத் தட்டி. "இதில எவ்வளவு மூளை வேணும்னு உனக்குத் தெரியுமாட்டி?"

சபிதா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஒருக்க ரணசிங்கத்துக்கு எதிரா விளையாடிப் பாக்கட்டா?"

"நீயா?"

"நாளைக்கு சனிக்கிழமைதானே. ஷிபுவை வரச்சொல்லுங்க. நீங்க ஜெயிச்சா உங்களுக்க பேரை நானே போய் அழிக்கேன்."

ஜெயசிங்குக்கு முதன்முறையாக அன்றைக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"பத்து ரவுண்டு வச்சுக்கிடுவோம்," என்றாள் அவள். "அதுக்குள்ள நீங்க ஜெயிக்கணும். இல்லேன்னா பேரு அப்படியே இருக்கட்டு."

"பத்து என்னத்துக்கு, ரெண்டு மதி," என்றார் ஜெயசிங்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஷிபு கட்டம் போட்ட தாளை விரித்தான். சுயம்புராஜ் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். சபிதா ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்க வீரன்?"

"புத்தகத்துக்க கடைசியில செய்து வச்சது ஒண்ணு உண்டுல்லா. ஒரு வாளு, ஒரு கேடயம். அது மதி."

"அது புதுசா வாறவங்களுக்கு உள்ளது. லெவல் பதினஞ்சுதான், ஆனா வித்தை ஒண்ணும் கிடையாது."

"நான் புதுசுதானே மக்கா."

சுயம்புராஜ் ஜெயசிங்கின் காதில் சொன்னார். "பாத்து அடியும் ஓய். ராத்திரி சோறு வேணும்."

"நான் எங்க அடிக்கப்போறேன்? அவளுக்க அடியே அவளுக்குத் திரும்பும்."

முதல் வாய்ப்பு சபிதாவுக்கு விழுந்தது. ஜெயசிங் பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"நிக்கேன்," என்றாள் சபிதா.

"நின்னுட்டு?"

"சும்மா நிக்கேன்."

ஜெயசிங் சிரித்தார். "பயம். சரி, நானும் நிக்கேன்."

இரண்டாவது ரவுண்டில் அவள் நின்றாள். அவரும் நின்றார். மூன்றாவதிலும் அதேதான். பதினைந்தாம் லெவல் வீரர்கள் இருவர், மலைகளையும் பூதங்களையும் வென்று வந்தவர்கள், ஒரு கட்டத்தாளில் எதிரெதிரே பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றார்கள். கீரைக் காம்புகள் ஒரு பக்கமும் இலைகள் ஒரு பக்கமும் சேர்ந்துகொண்டிருந்தன.

"ஏட்டி, இதுக்குப் பேரு சண்டையாக்கும்?"

"நிக்கேன்," என்றாள். ஐந்தாவது ரவுண்டு.

"ஷிபு, இப்படி நிக்கலாமா? விதி உண்டா?"

ஷிபு புத்தகத்தைப் புரட்டினான். "நிக்கலாம் அண்ணே. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம்."

"அடிக்காம எப்படி ஜெயிப்ப நீ?"

சபிதா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள். "நான் எதுக்கு ஜெயிக்கணும்? ஜெயிக்க வேண்டியது நீங்கல்லா."

ஜெயசிங்குக்குக் கல்யாணமான இருபத்தோரு வருஷமும் நினைவுக்கு வந்தது. அந்த வருஷங்களில், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோதும், அவர் இந்த வீட்டில் எத்தனையோ சண்டைகளைத் தொடங்கியிருக்கிறார். நல்ல சண்டைகள். வாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் போதும், அதைப் பிடித்து ஏறியிருப்பார். அவள் அரிசி களைவாள், துணி மடிப்பாள். அவர் தனியாகக் கத்திக் கத்தி, கடைசியில் தொண்டை வறண்டு தண்ணீர் கேட்பார். அதையும் அவள்தான் கொடுப்பாள். பதில் வந்தால் மட்டுமே ஜெயிக்கிற ஒருவனை மூன்று வாரம் உட்கார்ந்து செய்தபோது, அவனை எங்கே பார்த்தோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"நிக்கேன்," என்றாள் சபிதா. ஒன்பதாவது ரவுண்டு. முறத்தில் கீரை முடிந்திருந்தது.

"ஓய், விடும். நில்லும்," என்றார் சுயம்புராஜ்.

"நின்னா ரசம்," என்று கத்தினார் ஜெயசிங். "வெளிய வாறேன். அடிக்கேன். எழுதுலே ஷிபு, நிலையை விட்டு வெளிய வந்து அடிக்கேன்."

பகடை மேசை முழுக்க ஓடி, முறத்தில் மோதி நின்றது. நாலு.

ஷிபு பெருமூச்சு விட்டான். "படல அண்ணே. இப்பம் உங்களுக்குக் காவல் இல்ல. பத்தாவது ரவுண்டு. அக்கா?"

சபிதா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு நேரம் இருந்தாச்சு. நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டா?"

பதினேழு விழுந்தது. ரணசிங்கம் மார்பில் வெட்டு வாங்கித் தரையில் உட்கார்ந்தான். ஜெயசிங் கடைசியாக ஒருமுறை உருட்டினார். பதினொன்று. படவில்லை; பத்து ரவுண்டும் முடிந்தது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அண்ணே, நாளைக்கு ரணசிங்கம்?" என்று ஷிபு தாளை நீட்டினான்.

"எனக்கு வேண்டாம். எவனும் எடுத்துக்கோ. கழுதைக்குப் போடு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பலமாகத்தான் சாத்தினார். வெளியே சபிதா முறத்தைத் தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தோளில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு ஜெயசிங் வாளியைத் தூக்கினார். கோபம் அப்படியே இருந்தது, கொதிப்பாறாமல். பந்திக்கு இருநூறு பேர். ஒரு கையில் வாளி, ஒரு கையில் அகப்பை. ரசம் கேட்டவனுக்கும் ஊற்றினார். கேட்காதவனுக்கும் ஊற்றினார். பாயசத்துக்கு இலையைத் துடைத்து வைத்திருந்த டீக்கனார் ஒருவருக்கும் ஊற்றினார்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. வீரன் இல்லாமல் வலுசர்ப்பத்தோடு மோத முடியாது. ஷிபு புத்தகத்தைக் கட்டி வைத்திருப்பான். அது சாகாது. தனக்குக் கிடைக்காதது ஒருத்தனுக்கும் கிடைக்காது. இரண்டாவது பந்தியில் சபிதாவைக் காணவில்லை என்பதைக் கவனித்தார். செயலாளருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

நாலாவது பந்தியில், மூன்றரை மணிக்கு, மூன்று பேர் வேகமாக வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுயம்புராஜ். ஷிபு. நடுவில் சபிதா.

"ஓய்," என்றார் சுயம்புராஜ், கண்ணெல்லாம் பளபளக்க. "செத்துது ஓய். ரெண்டே ரவுண்டு. அது நகத்தால அடிக்கு, இவங்க நிக்காங்க. அது வாலால அடிக்கு, இவங்க நிக்காங்க. அடிச்ச அடியெல்லாம் அதுக்க மண்டையிலயே விழுந்துது. எனக்கு மந்திரம் போடவே வேலை வரல."

"யாரு நிக்காங்க?"

ஷிபு இலையைப் பார்த்தான். "எவனும் எடுத்துக்கோன்னு நீங்கதானே அண்ணே சொன்னிய."

ஜெயசிங் சபிதாவைப் பார்த்தார். அவள் சோற்றின் நடுவில் விரலால் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் செய்து வச்சிருக்கிய அவனை," என்றாள். "அவனை அடிக்கதுக்கு ஒரு முட்டாள் வேணும், அவ்வளவுதான்."

இருபத்தோரு வருஷத்துக் கோபமும் மூன்று வருஷத்துக் குகைகளும் அவர் தொண்டைக்கு வந்து சேர்ந்தன. வாயைத் திறந்தார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சபிதா தலையை நிமிர்த்திப் பொறுமையாகக் காத்திருந்தாள்.

ஜெயசிங் நின்றார்.

"ரசம்," என்றாள் சபிதா. "கலக்கி ஊத்துங்க."